குதிரை இருக்கிறது, மன்னன் இல்லை!

மும்பை மாநகரின் தென்பகுதியிலே ஒரு கருங்குதிரை நிற்கிறது. உயிர்க்குதிரை அல்ல, சிலைக்குதிரை. காண்போர் வியப்பது குதிரையைக் கண்டு அல்ல. அதன் முதுகைக் கண்டு! குதிரைச் சிலை என்றால் மேலே ஒரு மன்னன் இருப்பான், அல்லது மன்னனுக்காக வாளேந்திய தளபதி இருப்பான். இந்தக் குதிரையின் முதுகிலோ எவரும் இல்லை.

முன்பு இருந்தார். 1879-ஆம் ஆண்டு, ஆல்பர்ட் சசூன் என்ற பெருவணிகர் அந்நகருக்கு ஒரு சிலையை வழங்கினார். பின்னாளில் ஏழாம் எட்வர்டு என்று முடிசூடிய இளவரசர் குதிரைமீது வீற்றிருந்த சிலை அது. விடுதலை பெற்ற நாட்டிலே வெள்ளை மன்னனுக்கு நடுத்தெருவில் என்ன வேலை என்ற கேள்வி எழுந்தது. 1965-இல் சிலையைப் பெயர்த்துப் பைகுல்லா உயிரியல் பூங்காவுக்கு அனுப்பினர். சிலை போயிற்று; பெயர் போகவில்லை. காலா கோடா, அதாவது கருங்குதிரை, என்றே அந்த வட்டாரத்தை மக்கள் அழைத்து வந்தனர். மன்னன் பெயரை மறந்த மக்கள், அவனைச் சுமந்த குதிரையின் பெயரை மறக்கவில்லை! 2017-இல் அங்கே புதுக்குதிரை ஒன்றை நிறுவியபோது மன்னனை விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் வைத்தனர்.

அந்தக் குதிரையைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் 1999-ஆம் ஆண்டு முதல் கலைவிழா நடந்து வருகிறது. ஒன்பது நாள் விழா, கட்டணம் கிடையாது. கொள்ளைநோய்க் காலத்தில் தடைப்பட்டு, 2023-இல் மீண்டும் தொடங்கியது. கலைக்கூடத்திலே ஓவியம், நடைபாதையிலே ஓவியம், கடைகளிலே ஓவியம், நூலகத் தோட்டத்திலே சொற்பொழிவு. வாகனங்களை நிறுத்திவிட்டுத் தெருவையே மனிதர் காலடிக்கு விட்டுவிடுகின்றனர். நாமும் அங்கே நடந்தோம். கால் வலித்தது, கண் குளிர்ந்தது, கருத்திலே ஒரு கேள்வி முளைத்தது. கலையின் முதுகிலிருந்து மன்னன் இறங்கிவிட்டான், சரி. அந்த இடம் இன்று காலியாகத்தான் இருக்கிறதா?

இத்தகைய விழாக்களைப் பற்றி இரு வகைத் தீர்ப்புகள் உலவுகின்றன. "கலை கடைத்தெருவுக்கு வந்தால் கெட்டுவிடும், செருப்புக் கடைக்கும் சிற்றுண்டிக் கடைக்கும் நடுவிலே சித்திரமா?" என்று முகம் சுளிப்போர் ஒரு சாரார். "தெருவுக்கு வந்துவிட்டது, இனி அது மக்கள் கலைதான், வேறென்ன வேண்டும்?" என்று கைதட்டுவோர் மற்றொரு சாரார். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. முன்னவர்க்கு வரலாறு தெரியவில்லை. பின்னவர்க்கு வாசற்படி தெரியவில்லை!

முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

இந்தியாவின் புதுமை ஓவியம் எங்கே கண்விழித்தது? அரண்மனையிலா? ஆலய மண்டபத்திலா? 1940-களில் மும்பையிலே, பிரின்சஸ் தெருவிலே, படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. கெமோல்டு என்பது அதன் பெயர். கேக்கு காந்தி என்பார் அதன் உரிமையாளர். வாங்குவாரற்றுக் கிடந்த இளம் ஓவியர்களின் படைப்புகளைத் தம் கடையிலே தொங்கவிட்டார் அவர். கண்ணாடிக்கும் மரச்சட்டத்துக்கும் விலை கேட்க வந்தவர்கள், கேளாமலே ஓவியத்தைக் கண்டனர். 1963-இல் அந்தக் கடையின் பெயரே ஒரு கலைக்கூடத்தின் பெயராயிற்று. கடை பெற்ற பிள்ளைதான் கலைக்கூடம்! பிள்ளை வளர்ந்து பெரிய மனிதனான பின், பெற்றவளைப் பார்த்து "உன் கை அழுக்கு" என்று சொல்வது முறையாகுமா?

அந்நாளில் ஓவியம் தீட்டியவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள் தோழர்களே! 1947-இல் மும்பையில் முற்போக்கு ஓவியர் குழு தோன்றியது. சூசா, ராசா, உசேன், ஆரா, காடே, பாக்ரே ஆகிய அறுவரும் அதன் தொடக்க உறுப்பினர்கள். அவர்களுள் ஆரா என்பார், தாயை இழந்து, ஏழாம் வயதிலே வீட்டைவிட்டு மும்பைக்கு ஓடி வந்தவர். பிறர் வீட்டிலே ஏவல் வேலை செய்தார், கார் கழுவினார், கிடைத்த நேரத்தில் தூரிகை பிடித்தார். உசேனோ திரைப்படங்களுக்கு வானளாவிய விளம்பரப் பலகைகள் எழுதிப் பிழைத்தவர். ஒருவர் கையிலே கார் துடைத்த ஈரத்துணி. மற்றவர் கையிலே விளம்பரம் எழுதிய சாயம். அந்தக் கைகள் செய்த கலையைத்தான் இன்று குளிரூட்டிய அறையிலே, கையுறை மாட்டிய கைகளால் தூக்கி வைக்கின்றனர்!

ஆகவே, தெரு கலைக்கு இழுக்கல்ல. தெருதான் அதன் தொட்டில். முகம் சுளிப்போர்க்கு நம் விடை அவ்வளவே.

இனி வாசற்படிக்கு வருவோம்.

காலா கோடா வட்டாரத்தில் பழைய வாசல்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, வாட்சன் உணவு விடுதியின் வாசல். இரும்பாலே எலும்புக்கூடு அமைத்துக் கட்டிய அக்கட்டடத்தில்தான் 1896 சூலை 7-ஆம் நாள் லூமியேர் உடன்பிறந்தாரின் அசையும் படம் இந்தியாவிலே முதன்முதலாகக் காட்டப்பட்டது. புதுமையின் வாசல்தான், ஆனால் அது வெள்ளையர்க்கென்றே நடத்தப்பட்ட விடுதி. நாட்டுக்கு உரியவன் வெளியே, வந்தவன் உள்ளே! மற்றொன்று, டேவிட் சசூன் நூலகத்தின் வாசல். அதன் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? 1847-இல் நாணயச் சாலையிலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்த இயந்திரத் தொழிலாளர் கூடித் தொடங்கிய படிப்பகத்திலே இருக்கிறது. எண்ணெய்க் கறை படிந்த விரல்கள் ஏடு புரட்டத் தொடங்கிய இடம் அது. 1870-இல் அதற்கு இன்றுள்ள கட்டடம் எழுந்தது. விழாக் காலத்திலே இலக்கியச் சொற்பொழிவு நடப்பது அதன் தோட்டத்தில்தான்.

ஒரே வட்டாரத்திலே இரு வாசல்கள். ஒன்று, பிறப்பைக் கேட்டுத் திறந்தது. மற்றொன்று, ஆர்வத்தைக் கேட்டுத் திறந்தது. பிறப்பைக் கேட்ட விடுதி, 2019-இல் குடியிருந்தோரை வெளியேற்றும் அளவுக்குப் பழுதுபட்டுப் போயிற்று. ஆர்வத்தைக் கேட்ட நூலகம் இன்றும் நூலகமாகவே நிற்கிறது. இன்றைய கலைக்கூடங்களின் வாசல் இவ்விரண்டில் எந்த இனம்? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எந்தக் கூடத்திலும் "உள்ளே வராதே" என்ற பலகை இல்லை. உண்மை. பலகை தேவையில்லாத காலம் இது! பளபளக்கும் கண்ணாடிக் கதவு, சீருடைக் காவலர், மெல்லிய குரலில் ஆங்கிலம் பேசும் கூட்டம், சுவரிலே ஆங்கிலத்தில் மட்டும் விளக்கச் சீட்டு. இவையே போதும். ஏழை தானே விலகிப் போவான். யாரும் துரத்தினார்கள் என்று எவரும் குற்றம் சாட்ட முடியாது!

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறோம். விழாவின் நான்காம் நாள், முற்பகல். ஒரு கலைக்கூடத்தின் எதிரே மிதிவண்டியை நிறுத்திவிட்டு, இட்லிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஒருவர். தாராவியிலே விடியுமுன் அவித்த இட்லியை அத்தெருவுக்குக் கொண்டுவந்து விற்பவர். நெல்லைச் சீமைக்காரர் என்பதைப் பேச்சு காட்டிக் கொடுத்தது.

"இந்தக் கூடத்துக்குள்ளே போயிருக்கிறீர்களா அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

"இருபது வருசமா இந்த வாசல்லதான் நிக்கேன். உள்ளே நமக்கு என்ன தம்பி வேலை? சீட்டுக் காசு கேப்பான்."

"காசு கிடையாது, அண்ணாச்சி."

"கிடையாதா?" என்றார். கையிலிருந்த துணி நின்றது. இருபது ஆண்டுகள்! இலவசம் என்ற செய்தி, சாலையைக் கடந்து அவர் காதுக்கு வர இருபது ஆண்டுகள் போதவில்லை!

வற்புறுத்தி அழைத்துப் போனோம். செருப்பை வாசலிலே கழற்றப் போனார். "வேண்டாம் அண்ணாச்சி, இது கோயில் அல்ல" என்றோம். பழக்கம் விடவில்லை, சற்று நேரம் தயங்கித்தான் உள்ளே காலெடுத்து வைத்தார். காவலர் தடுக்கவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். கோடும் வட்டமுமாக இருந்த படங்களை மரியாதையாகக் கடந்தார். ஒரு படத்தின் முன்னே மட்டும் நின்றார். துறைமுகத்துச் சுமைகூலி ஒருவன் தலையிலே மூட்டையுடன் நிற்கும் படம். அருகில் இருந்தவர்கள் அதன் வண்ணச் சேர்க்கையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அண்ணாச்சி நெடுநேரம் பார்த்தார்.

"நான் இட்லி விக்க வர்றதுக்கு முந்தி ஆறு வருசம் மூட்டை சொமந்தவன், தம்பி. தலையில பாரம் இருந்தா கழுத்துல தெரியும். நரம்பு பொடைச்சிக்கிட்டு நிக்கும். இந்த ஆளு கழுத்தைப் பாருங்க, சும்மா நிக்கிறவன் கழுத்து. மூட்டைக்குள்ள பஞ்சுதான் இருக்கு!"

நாம் மீண்டும் படத்தைப் பார்த்தோம். வண்ணம் சிறப்பு, கோடு சிறப்பு, ஆனால் கழுத்து பொய். கல்லூரியிலே கலை பயின்ற நமக்குத் தெரியாதது, அங்கே கூடியிருந்த எவருக்கும் தெரியாதது, சுமந்த கழுத்துக்குத் தெரிந்திருக்கிறது!

தோழர்களே! அன்று நாம் கற்றது இது. 'மக்களுக்குக் கலை வேண்டும், பாவம், அவர்களும் பார்க்கட்டும்' என்று இரக்கத்தோடு பேசுகிறோமே, அந்தப் பேச்சே தலைகீழானது. மக்களுக்குக் கலை எவ்வளவு வேண்டுமோ, அதைவிடக் கலைக்கு மக்கள் வேண்டும். அவர்கள் வெளியே நிற்கும்வரை ஓவியத்துக்கு விலை கிடைக்கும், விளம்பரம் கிடைக்கும், விருது கிடைக்கும். தீர்ப்பு மட்டும் கிடைக்காது. உழவனைத் தீட்டுகிற ஓவியத்தை உழவன் பார்த்ததில்லை. சுமைகூலியைத் தீட்டுகிற ஓவியத்தைச் சுமைகூலி பார்த்ததில்லை. சாட்சியை வெளியே நிறுத்திவிட்டு வழக்கை நடத்தினால் பொய் வெல்லாமல் வேறென்ன வெல்லும்?

உள்ளூர் ஓவியர்களைக் கடைகளிலும் கூடங்களிலும் காட்டுகிற இந்தக் கலைநடையின் பெருமை இங்கேதான் இருக்க முடியும். தேநீர்க் கடைச் சுவரிலே படம் தொங்கினால் தேநீர் குடிப்பவன் பார்ப்பான், பார்ப்பவன் பேசுவான், அந்தப் பேச்சு ஓவியன் காதிலே விழும். அவன் நாணுவான், அல்லது நிமிர்வான். அடுத்த படம் திருந்தும். கடை என்பது படம் விற்கும் இடம் மட்டுமல்ல. படம் விசாரிக்கப்படும் இடம்!

ஆனால் நாம் நடந்தபோது கண்டதென்ன? ஓவியரின் பெயர் கட்டைவிரல் அளவு. விளம்பரம் கொடுத்த நிறுவனத்தின் பெயர் கதவளவு! படத்தைப் பார்க்க வந்தவர்களிலே பலர் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தம்மையே படம் பிடித்துக்கொண்டனர். முதுகால் பார்க்கப்படுகிற ஓவியத்தை நாம் அங்கேதான் கண்டோம்! மன்னன் இறங்கிய முதுகிலே விளம்பரதாரர் ஏறி அமர்ந்தால், குதிரைக்கு என்ன மாறுதல்? பாரம் பாரம்தானே!

மற்றொன்றையும் எண்ண வேண்டும். கலை தங்குவதற்குக் கடை வேண்டுமானால் கடை உயிரோடு இருக்க வேண்டும். சகாங்கீர் கலைக்கூடத்தை ஒட்டி, 1964 முதல் சமோவர் என்ற சிற்றுண்டிச் சாலை இருந்தது. கையிலே காசு குறைந்த ஓவியரும் எழுத்தாளரும் ஒரு கோப்பைத் தேநீரோடு நெடுநேரம் அமர்ந்து வாதிட்ட இடம். 2015-இல் அது மூடப்பட்டது. எதிரிலே தலைமுறைகள் இசைத்தட்டு வாங்கிய 'ரிதம் ஹவுஸ்' கடை 2016-இல் மூடப்பட்டது. ஒன்பது நாள் விழாவிலே ஊர் கூடுகிறது. மற்ற நாட்களிலே அந்த வட்டாரம் என்னவாகிறது? நடைபாதையிலே, வெயிலிலே, தம் படங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே ஓவியர்கள், அவர்களுக்கு விழா முடிந்த பத்தாம் நாளும் வயிறு உண்டு என்பதை யார் நினைக்கிறார்கள்?

கடைத்தெருவிலே படம் வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. திறந்த இடத்துக்கு வரும் கலைக்குத் திறந்த மனம் துணை வேண்டும். அதே சகாங்கீர் கலைக்கூடம், 1952-இல் தோன்றியது. அங்கே 1954-இல் அக்பர் பதம்சி என்ற இளைஞர் 'காதலர்' என்ற ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். ஆபாசம் என்றது காவல் துறை, எடுத்துவிடு என்றது. அவர் எடுக்கவில்லை. கைது செய்யப்பட்டார், வழக்காடினார், வென்றார். அந்த ஒரு மறுப்புக்காகவே அந்த மண்டபத்தின் படிக்கட்டுகளை நாம் மதிக்கிறோம்.

உசேனுக்கோ அந்த வெற்றி வாய்க்கவில்லை. கடவுளரைத் தீட்டியது குற்றம் என்று மதவெறியர் கூச்சலிட்டனர், வழக்கு மேல் வழக்குப் போட்டனர், மிரட்டினர். 2006-இல் நாட்டை விட்டுச் சென்றார். 2008-இல் தில்லி உயர்நீதிமன்றம் ஓவியரின் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. அதன் பின்னும் அவரால் திரும்ப இயலவில்லை. 2010-இல் கத்தார் நாட்டுக் குடியுரிமை பெற்றார். 2011-இல் லண்டனில் மறைந்தார். 1954-இல் அவர் தீட்டிய 'கிராம யாத்திரை' என்ற ஓவியம் 2025 மார்ச்சு மாதம் நியூயார்க்கு ஏலத்திலே ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்குப் போயிற்று. அதற்குமுன் எந்த இந்திய ஓவியமும் ஏலத்திலே பெறாத விலை! வேடிக்கையைப் பாருங்கள். ஓவியத்துக்கு 118 கோடி தரும் உலகத்திலே, ஓவியனுக்குச் சாவதற்குச் சொந்த ஊரில் ஆறடி இடம் கிடைக்கவில்லை!

இதை நாம் ஏன் இங்கே சொல்லுகிறோம்? தெருவிலே நின்று ஓவியத்தைப் பார்த்துப் பழகிய மக்கள், "கழுத்து பொய்" என்று குறை சொல்வார்கள். குறை சொல்வார்கள், கல் எறியமாட்டார்கள். ஓவியத்தைப் பார்த்தே அறியாதவனிடம்தான், "உன் சாமியைக் கெடுத்துவிட்டான்" என்று சொல்லிக் கல்லைக் கொடுக்க முடியும். பார்க்காதவன் கையிலேதான் கல் ஏறும். ஆகவே கலைநடை என்பது பொழுதுபோக்கு அல்ல. பகுத்தறிவுக்குப் பயிற்சி அது: கண்ணால் கண்டு, கருத்தால் எடைபோட்டு, வாயால் வாதிடும் பயிற்சி.

அந்தப் பயிற்சி பயன்தர வேண்டுமானால் சில திருத்தங்கள் வேண்டும். அரசின் பெருநிதி ஒன்றும் தேவையில்லை. கலைக்கூடங்கள் முற்பகல் பதினொரு மணிக்குத் திறந்து, மாலை ஏழு மணிக்குப் பூட்டப்படுகின்றன. தொழிலாளி வேலைக்குப் போன பின் திறந்து, அவன் திரும்புமுன் பூட்டும் கதவு, திறந்த கதவாகுமா? வாரத்தில் ஒரு நாளேனும் இரவு பத்து மணி வரை விளக்கெரியட்டும். சுவரிலே உள்ள சீட்டு, அந்தத் தெருவிலே பேசப்படும் மொழிகளிலே இருக்கட்டும். மராத்தியிலே இருக்கட்டும், இந்தியிலே இருக்கட்டும், தாராவித் தமிழனுக்குத் தமிழிலும் இருக்கட்டும். "கட்டணம் இல்லை; எவரும் வரலாம்" என்ற ஒரு வரியை, விளம்பரதாரரின் பெயரைவிடப் பெரிதாக வாசலிலே எழுதட்டும். இருபது ஆண்டுகள் வாசலிலே நின்றவருக்கு அந்த ஒரு வரி போதுமானதாய் இருந்திருக்கும்!

நாம் பள்ளி ஆசிரியர்கள். ஓவிய வகுப்பு என்றால் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் வகுப்பு என்பது நமக்குத் தெரியும். வாங்கிய கடன் திரும்பியதில்லை என்பதும் தெரியும்! பார்க்கக் கற்றுக்கொடுக்காமல் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, வளர்ந்தவர்களுக்குக் கலைச்சுவை இல்லை என்று யாரைக் குறை சொல்வது? விழாக்காரர்மீது விரல் நீட்டும்போது மற்ற மூன்று விரல்கள் நம்மை நோக்கி இருப்பதை நாம் மறைப்பதற்கில்லை.

அண்ணாச்சி அன்று வெளியே வந்து மிதிவண்டியை எடுத்தார். "நாளைக்கு வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரட்டுமா? அவ நல்லாக் கோலம் போடுவா" என்றார். நம்மிடமா அனுமதி கேட்பது! கேட்கத் தேவையில்லை என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது அவருக்கு.

இளைஞர்களே! நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், கலைவிழா என்று ஒன்று நடந்தால் போய்ப் பாருங்கள். உள்ளே போகுமுன் வாசலிலே சற்று நின்று, யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று ஒரு கணக்கு எடுங்கள். வெளியே நிற்பவரில் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு உள்ளே போங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

குதிரையின் முதுகிலிருந்து மன்னனை இறக்கி அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. வேறெவனும் ஏறாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.